இன்னும் இரண்டு சுற்று

சாய்க்கானாவின் பெரிய கட்டிலை உடைத்தது நான்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஊரில் இன்றுவரை கட்டிலின் வயதின் மேல்தான் பழி கிடக்கிறது.

எங்கள் பக்கம் சாய்க்கானா என்கிற தேநீர்க்கடையின் கட்டிலை வாய்க்காலுக்குக் குறுக்கே போட்டிருப்பார்கள். கீழே தண்ணீர் ஓடும். மேலே ஆண்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஓஷ் என்கிற கறிச்சோறு தின்பார்கள், ஒருவரை ஒருவர் நையாண்டி செய்வார்கள். ஒருவன் ஒன்று சொன்னால் அடுத்தவன் மூச்சு விடுவதற்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும், யோசித்தால் தோற்றான். இந்த வேலையில் மட்டும் எனக்கு நல்ல பெயர். அன்றைக்கு மேலத்தெரு நோர்மத் தன் கழுதையிலிருந்து இறங்குவதை நடித்துக் காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். கழுதை நோர்மத்திலிருந்து இறங்குவதையும் நடித்துக் காட்ட எழுந்து குதித்தேன். கட்டிலின் கால் முறிந்தது.

தாம்பாளம், கூஜா, கிண்ணங்கள், மேலத்தெருவும் கீழத்தெருவும் கலந்த ஆட்கள், எல்லாம் வாய்க்காலுக்குள் போனோம். ஒவ்வொருவராக நனைந்த பூனை மாதிரி எழுந்து வந்தார்கள். என் அக்கா புருஷன் சோயிப்ஜான் மட்டும் எழுந்திருக்கவில்லை. தண்ணீருக்குள்ளேயே உட்கார்ந்து, தொப்பியில் சோற்றுப் பருக்கையோடு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, கழுத எறங்கிருச்சு. எங்க மேல எறங்கிருச்சு. விலா எலும்பு போச்சுன்னு நெனைக்கிறேன்."

அதனால்தான் அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். அதனால்தான் விஷயம் தெரிந்தது. ஒரு விதத்தில் அவருடைய நோயைக் கண்டுபிடித்தவன் நான் என்றே சொல்லலாம். இதை யாரும் இதுவரை சொல்லவில்லை.

விலா எலும்பில் ஒன்றும் இல்லை. ஆனால் நெஞ்சில் கம்பிகளை ஒட்டிக் காகிதத்தில் கோடு எடுத்தவரின் முகம் மாறியது. எங்களைப் பெரிய ஊர் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயை விட்டு உள்ளே பார்த்தார்கள். மச்சான் சோதனை அறைக்குள் படுத்துக்கொண்டு, செவிலிப் பெண்ணிடம் அவளுடைய ஊருக்கு எந்தக் கால்வாயில் தண்ணீர் வருகிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தார். நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். ரானோ என்ற டாக்டர் அம்மா வெளியே வந்தார்.

"நீங்க கூடப் பொறந்தவரா?"

"மச்சினன்."

"அப்ப இப்படி வாங்க."

எங்கள் பக்கம் கெட்ட செய்தியை அதற்குச் சொந்தக்காரனிடம் சொல்வது வழக்கமில்லை. வீட்டு ஆளைத் தனியாக அழைத்துச் சொல்லிவிடுவார்கள். எப்போது சொல்வது, எவ்வளவு சொல்வது, சொல்வதா வேண்டாமா என்பதெல்லாம் வீட்டு ஆள் பாடு. சட்டம் வேறு மாதிரி இருக்கிறதாம். இருக்கட்டும்.

டாக்டர் அம்மாவும் எங்கள் பள்ளத்தாக்குக்காரர்தான். அதனால் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார்.

"இருதயத்துக்குள்ள எப்பவும் ரத்தம் நெறஞ்சுதான் இருக்கு. ஆனா அதை அது குடிக்க முடியாது. அதுக்குன்னு தனியா சின்ன வாய்க்கால் இருக்கு. பெருங்குழாய் பொறப்படற எடத்துலயே, மொத மடையா பிரியுது. ஒடம்புக்கெல்லாம் அனுப்பறதுக்கு முன்னாடி தனக்கு ஒரு வாய் எடுத்துக்குது, அவ்வளவுதான். ஒங்க மச்சானுக்கு எடது பக்க வாய்க்கால் தலைமடையிலயே அடைச்சிருக்கு. நூல் மாதிரிதான் ஓடுது."

"ஆனா மனுசன் கல்லு மாதிரி இருக்காரே டாக்டர்."

"உக்காந்திருக்கறப்போ அந்த நூலே போதும். மேடு ஏறினா, எதையாச்சும் இழுத்தா, இருதயம் கூடக் கேக்கும். கூடக் குடுக்க வழி கிடையாது. அப்பதான் வலிக்கும். வலின்னா வேறொண்ணுமில்ல, தாகம்."

அடைப்பு இருந்த இடம் பலூன் வைத்து விரிக்கத் தோதான இடமில்லையாம். தலைநகரில் நெஞ்சைத் திறந்து, காலிலிருந்து ஒரு ரத்தக்குழாயை எடுத்துப் பக்கவாய்க்கால் வெட்ட வேண்டுமாம். நவ்ரூஸ் பண்டிகை கழிந்ததும் வரச் சொல்லி நாள் கொடுத்தார்கள். அதுவரை பாரம் தூக்கக் கூடாது, மேடு ஏறக் கூடாது, கொழுப்பு கூடாது. ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியை என் கையில் வைத்தார். நெஞ்சைப் பிடித்தால் உடனே உட்காரவைத்து, நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை. புட்டி எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்க வேண்டும்.

"பக்குவமா சொல்லுங்க. பயமுறுத்திடாதீங்க. பயமும் ஒரு பாரந்தான்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

வண்டியில் திரும்பும்போது மச்சான் கேட்டார்.

"என்னவாம்?"

"வாயு" என்றேன். "வயிறு மேல ஏறி இருதயத்தை இடிக்குதாம். இருதயம் எருமை மாதிரி இருக்காம். எருமைக்கே ஒங்களப் பாத்தாப் பொறாமையா இருக்கும்னு டாக்டரம்மா சொன்னாங்க."

அவர் ரொம்ப நேரம் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் என் முடிவு சரி என்று தெரிந்துகொண்டேன். பயந்த மனிதன் அப்படிச் சிரிக்க மாட்டான். புட்டியை என் சப்பான் அங்கியின் உள்பையில் போட்டுக்கொண்டேன். தேவைப்பட்டால் புதினா மிட்டாய் என்று கொடுத்துவிடலாம் என்பது என் எண்ணம்.

அக்கா இனோபத்திடமும் வாயு என்றுதான் சொன்னேன். அவளிடம் சொன்னால் அன்று சாயங்காலமே அழுத முகத்தோடு அவருக்குத் தேநீர் ஊற்றுவாள், அவர் கண்டுபிடித்துவிடுவார். நல்லவர்கள் இருக்கும் வீட்டில் ஒரு ரகசியத்தை வைத்துக் காப்பாற்றுவது எளிதல்ல.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பெரிய காரணமில்லை, ஆனால் சொல்லாமல் விட்டால் பிறகு யாராவது வேறுவிதமாகச் சொல்வார்கள். மச்சான் எங்கள் கால்வாயின் மிராப். யாருக்கு எப்போது எவ்வளவு தண்ணீர் என்று பிரித்துக் கொடுப்பவர். எங்கள் ஊரில் மிராப் சொன்னால் அதற்குமேல் பேச்சில்லை. என் நிலம் கடைமடையில் இருக்கிறது. அந்த வருடம்தான் அதில் மாதுளங்கன்று வைத்திருந்தேன். முதல் வருடத்துக் கன்று, வசந்தத்தில் முதல் தண்ணீர் வேருக்குப் போகவில்லை என்றால் அவ்வளவுதான். மச்சான் படுத்துவிட்டால் மதகைத் திறக்கும் சக்கரம் நோர்மத் கைக்குப் போகும். அவன் மேலத்தெருக்காரன். அவன் கைக்குப் போன தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்ந்ததை நான் பார்த்ததில்லை. என் அப்பாவும் பார்த்ததில்லை.

முதல் தண்ணீர் திறப்பது நவ்ரூஸ் முடிந்த கையோடு. தலைநகரில் கொடுத்த நாள் அதற்குக் கொஞ்சம் பிறகு. ஆக, யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. தண்ணீரைத் திறந்துவிட்டு வந்ததும் பக்குவமாகச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன்.

அதுவரை நான் அவரைக் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். அவர் வீட்டு விறகை நான் பிளந்தேன். மாவு மூட்டையை நான் தூக்கினேன். "என்னடா திடீர்னு, எதுவும் தப்புப் பண்ணிட்டியா?" என்று அக்கா கேட்டாள். கொழுப்புதான் சிக்கலாக இருந்தது. எங்கள் ஓஷ் முடியும் தறுவாயில் பெரியவர் ஒருவர் சோற்றையும் செம்மறி வால் கொழுப்பையும் உருட்டி மற்றவர் வாயில் ஊட்டுவார். மறுப்பது அவமரியாதை. மச்சானுக்கு ஊட்டக் கை நீளும்போதெல்லாம் நான் நடுவில் தலையை நீட்டி வாங்கிக்கொண்டேன். தீனிப்பண்டாரம் என்று பெயர் வந்தது. அவர் தட்டில் விழுந்த கொழுப்பையும் பொறுக்கி நானே தின்றேன். ஒரு குளிர்காலம் முழுக்க அவருடைய பங்கையும் சேர்த்து என் உடம்புக்குள் போட்டுக்கொண்டேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒருவனைப் பிடிக்கவில்லை என்றால் யாராவது இப்படிச் செய்வார்களா என்று மட்டும் கேட்கிறேன்.

மதகு மலையடிவாரத்தில் இருக்கிறது. கடைசிக் கொஞ்சதூரம் நல்ல மேடு. தண்ணீர் திறக்கும் நாள் காலையில் நான் மச்சானைக் கழுதையில் ஏறச் சொன்னேன். அது நோர்மத்தின் கழுதை. "இந்தக் கழுத நோர்மத்த எறக்கிவிடவே படாத பாடு படுது, நான் வேறயா?" என்று சொல்லிவிட்டு நடந்தே ஏறினார். வழியில் இரண்டு இடத்தில் நின்று பனியைப் பார்த்தார். அவர் வழக்கமாகப் பனியைப் பார்க்கிற ஆளில்லை. நானும் பக்கத்தில் நின்று பனியைப் பார்த்தேன்.

ஆடு அறுத்தார்கள். துவா ஓதினார்கள். மதகின் இரும்புச் சக்கரம் குளிர்காலம் முழுக்கத் துருப்பிடித்துக் கிடந்தது. முதல் தண்ணீரில் சக்கரம் கை மாறக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். தொட்ட கைதான் முடிக்க வேண்டும். கை மாறினால் அந்த வருடம் தண்ணீர் சண்டையில் போகும் என்பார்கள். மச்சான் அங்கியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, உள்ளங்கையில் துப்பிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தார். மதகுப் பலகை முனகிக்கொண்டே மேலே எழுந்தது. தண்ணீர் அடியில் நுரைத்துக்கொண்டு வந்தது. பாதிப் பலகை ஏறியதும் அவர் நிறுத்தினார்.

நோர்மத் முன்னால் வந்தான். "பெரியவரே, மொகம் சரியில்லையே. வழக்கம் கெடக்குது, குடுங்க, மீதிய நான் சுத்தறேன்."

அவன் நல்ல மனதோடுதான் சொன்னான் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அப்படித் தோன்றவில்லை.

"நீ சுத்தினா தண்ணி ஒன் மூக்கு வரைக்கும் வந்து திரும்பிப் போயிடும்டா" என்றேன். "அவ்வளவு பெரிய மூக்கைத் தாண்டி வர அதுக்கு வழி ஏது?"

சிரிப்பு மலையில் மோதித் திரும்பி வந்தது. நோர்மத் சிவந்துபோய்ப் பின்வாங்கினான். நான் மச்சானின் அருகில் போய் அவரிடமும் ஏதோ சொன்னேன். அவர் தலையாட்டினார். மீதியைச் சுற்றினார். தண்ணீர் கால்வாயில் பாய்ந்தது. எல்லாரும் கையைத் தூக்கிச் சத்தம் போட்டார்கள். அவர் சக்கரத்தின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். தொழுகிறார் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் யாரும் தொடவில்லை.

மதகில் மிராப் இறந்ததை ஊர் ஒரு பாக்கியமாகவே எடுத்துக்கொண்டது. தண்ணீரைப் பார்த்த சந்தோஷத்தில் இருதயம் நின்றுவிட்டது என்றார்கள். நான் மறுக்கவில்லை. பெரிய ஊருக்கு விஷயம் போய், டாக்டர் ரானோ என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டார். "மாத்திரை வச்சீங்களா?" வைத்தேன் என்றேன். "சில சமயம் கேக்காது. மனசத் தளரவிடாதீங்க" என்றார். அவர் எனக்கு ஆறுதல் சொன்னார், நான் ஏற்றுக்கொண்டேன்.

அந்த முதல் தண்ணீர் கடைமடை வரை வந்தது. கன்று ஒன்றுகூடப் பட்டுப்போகவில்லை. காய்க்க ஆரம்பித்த பிறகு ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் முதல் கூடை அக்காவுக்குத்தான் போகிறது. தினமும் ஒருமுறை அவள் வீட்டுக்குப் போய்வருகிறேன். ஊரில் தம்பி என்றால் முகிம் மாதிரி இருக்க வேண்டும் என்கிறார்கள். முகிம் என்பது நான்.

இந்த வசந்தத்தில் மாதுளைக்குக் குழி பறித்துக்கொண்டிருந்தபோது என் நெஞ்சுக்குள் யாரோ மதகுப் பலகையை இறக்குவது போல இருந்தது. மண்வெட்டியில் சாய்ந்து நின்றேன். எதிரே மலையில் பனி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாகப் பார்த்துக்கொண்டிருந்த பிறகுதான் எதைப் பார்க்கிறேன் என்று உறைத்தது.

என் மகள் ஜும்ராத் அதே மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். அதே மணிக்கட்டு, அதே குழாய். படுத்துக்கொண்டு கண்ணாடிக் கதவைப் பார்த்தேன். டாக்டர் ரானோ வெளியே போனார். என் மகளிடம் ஏதோ கேட்டார். மகள் தலையாட்டினாள். இரண்டு பேரும் கொஞ்சம் தள்ளிப் போனார்கள். டாக்டர் தன் இடது உள்ளங்கையில் விரலால் ஒரு கோடு இழுத்து, கோட்டின் தலைப்பில் விரலை அழுத்தினார். தலைமடை. எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்க வேண்டியும் இருக்கவில்லை.

வண்டியில் கேட்டேன். "என்னவாம்?"

"வாயுப்பா" என்றாள். "வயிறு மேல ஏறுதாம்."

என் மகள் என்னைவிட நன்றாகப் பொய் சொல்கிறாள். எருமையைக்கூட இழுக்கவில்லை.

அன்றிலிருந்து என் வீடு பஞ்சால் அடைத்த பெட்டி மாதிரி ஆகிவிட்டது. எந்தப் பக்கம் முட்டினாலும் மெத்தென்று இருக்கிறது. மண்வெட்டியைக் காணோம். "பிடி ஒடஞ்சுபோச்சு" என்கிறாள் மனைவி. என் கிண்ணத்தில் கொழுப்பு விழுவதில்லை. ஆடுகளுக்கு இந்த வருடம் வாலே இல்லையாம். தோட்டத்துக்குக் கிளம்பினால் யாராவது எதிரே வந்து தேநீர் குடிக்கக் கூப்பிடுகிறார்கள். எல்லாவற்றையும்விட மோசம், சாய்க்கானாவில் நான் சொல்கிற மட்டமான வேடிக்கைக்கும் சிரிக்கிறார்கள். போன வாரம் வேண்டுமென்றே ரொம்ப மட்டமான ஒன்றைச் சொல்லிப் பார்த்தேன். நோர்மத் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். பிறகு கண்ணைத் துடைத்தான். பிறகும் துடைத்துக்கொண்டிருந்தான்.

நையாண்டிக்காரனுக்கு இதைவிடத் தெளிவான மருத்துவ அறிக்கை வேண்டாம்.

ஆனால் எனக்கு ஒரு வார்த்தை தேவைப்பட்டது. யாராவது வாயால் சொல்ல வேண்டும். தலைநகருக்கு நாள் கொடுத்திருக்கிறார்களா, இல்லை, வெட்டிப் பிரயோஜனமில்லை என்று விட்டுவிட்டார்களா. புட்டி யாரிடம் இருக்கிறது. தனியாக இருக்கும்போது பிடித்தால் யார் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது. மகளிடம் கேட்டேன். "ஏம்ப்பா கண்டதையும் யோசிக்கிறீங்க?" டாக்டருக்குத் தொலைபேசியில் பேசினேன். "பக்குவமா இருங்க, நல்லாச் சாப்பிடுங்க." நோர்மத்திடம் கேட்டேன். "நீ எங்க எல்லாரையும் பொதைச்சிட்டுத்தான் போவே." ஒவ்வொரு கதவும் அன்பாகவே சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் வெளியே இருந்தது.

அப்படியானால் எனக்கு வேண்டியது என்மேல் அன்பில்லாத ஒரு ஆள். யோசித்துப் பார்த்தேன். அப்படி யாரும் ஊரில் இல்லை. என் வாழ்க்கையின் வெற்றி என்று இதைச் சொல்லலாம். ஒரு ஆளை உண்டாக்கித்தான் ஆக வேண்டும்.

இதோ, அக்காவின் முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அவள் வீட்டு மேட்டில் ஏறிவர வழக்கத்தைவிட நேரமாயிற்று. அக்கா மெத்தை தைத்துக்கொண்டிருக்கிறாள். பஞ்சைப் பரப்பி, நீளமான ஊசியால் குத்திக் குத்தி இழுக்கிறாள். நான் வந்ததும் எனக்குத் தேநீர் ஊற்றினாள். கிண்ணத்தின் அடியில் கொஞ்சம்தான் ஊற்றினாள். எங்கள் வழக்கத்தில் அதற்கு, இரு, இன்னும் இரு, நான் ஊற்றிக்கொண்டே இருக்கிறேன் என்று பொருள். விளிம்பு வரை ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருள். இத்தனை வருடத்தில் அவள் எனக்கு விளிம்பு வரை ஊற்றியதில்லை.

"மூச்சு வாங்குதே" என்றாள். "கழுதையையாச்சும் கேட்டு வாங்கிட்டு வந்திருக்கலாமில்ல?"

"கழுதைக்கு என்னைப் பிடிக்காது. அதை நடிச்சுக் காட்டினதுலேருந்து."

சிரித்தாள். அவளும் சிரிக்கிறாள் என்று குறித்துக்கொண்டேன். பிறகு சொல்ல ஆரம்பித்தேன்.

மேலே சொன்னதையெல்லாம் சொன்னேன். கட்டில், டாக்டர், வாய்க்கால், வாயு, கொழுப்பு, மாதுளை. அவள் ஊசி நிற்கவில்லை. மதகு வந்ததும் ஒரு தையல் கோணலாகப் போனது. அதைப் பிரித்து மறுபடி தைத்தாள். அவரிடம் நான் ஏதோ சொன்னேன் என்று முன்பு சொன்னேனே, அந்த இடத்துக்கு வந்தேன். அது என்ன என்பதை மேலே சொல்லாமல் விட்டுவிட்டேன். அக்காவிடம் விடவில்லை.

மச்சான் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது. நோர்மத் பின்வாங்கிவிட்டான், மற்றவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி மச்சான் கேட்டார்.

"மாப்ளே, நெஞ்சைப் புடிக்குது. உண்மையைச் சொல்லு. அந்தம்மா மாத்திரை கீத்திரை ஏதாச்சும் குடுத்தாங்களா?"

என் கை அப்போது என் அங்கியின் உள்பைக்குள்தான் இருந்தது. புட்டி விரலில் பட்டது. குளிர்ந்திருந்தது. கொடுத்தால் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் சக்கரம் கை மாறும். பலகை பாதியில் நின்றிருந்தது. அந்தத் தண்ணீர் மேலத்தெருவைத் தாண்டாது. எனக்கு இதையெல்லாம் யோசிக்க நேரம் தேவைப்படவில்லை. நையாண்டியில் பழகிய வாய்.

"ஒண்ணும் குடுக்கல மச்சான். வாயுதான். ஒரு ஏப்பம் வந்தா எறங்கிடும். இன்னும் ரெண்டு சுத்து."

அவர் என்னைப் பார்த்தார். நம்பினார். சுற்றினார்.

அவ்வளவுதான் அக்கா, என்றேன். அவர் பயந்துவிடக் கூடாது என்றுதான் ஆரம்பித்தேன். பிறகு வழியில் எங்கேயும் இறங்க இடம் கிடைக்கவில்லை.

அக்கா ஊசியை மெத்தையில் குத்தி வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. பஞ்சில் ஒட்டியிருந்த ஒரு விதையைப் பொறுக்கி எடுத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோழிகள் எங்கள் நடுவே நடந்து போயின. எனக்குள் பலகை மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. மேடு ஏறியதாலா பேசியதாலா என்று தெரியவில்லை. இடது தோள் வரை வந்து, தாடைக்கு ஏறியது. தாகம் என்று டாக்டர் சொன்னது எவ்வளவு பொருத்தமான சொல்.

நான் வந்த காரியத்தைக் கேட்டேன். என் குரல் அமைதியாகத்தான் இருந்தது.

"அக்கா, இனிமே ஒனக்கு எம்மேல எரக்கப்பட அவசியமில்ல. அதுக்காகத்தான் இவ்வளவையும் சொன்னேன். இப்ப நீயாச்சும் உள்ளதைச் சொல்லு. எனக்கு என்ன?"

அதுக்காகத்தான் என்ற சொல் வெளியே வந்த பிறகு, அது எனக்கே கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும்.

அவள் கூஜாவை எடுத்தாள். என் கிண்ணத்தை முன்னால் இழுத்து வைத்தாள். நிதானமாக ஊற்றினாள். பாதி தாண்டியது. நிறுத்தவில்லை. தேநீர் விளிம்பைத் தொட்டு, ஒரு சொட்டு தாம்பாளத்தில் வழிந்தது. கூஜாவை வைத்துவிட்டு முதன்முறையாக என்னை நேராகப் பார்த்தாள்.

"அதே வாய்க்கால்தான்டா" என்றாள். "அதே எடது பக்கம், அதே தலைமடை. நெஞ்சைத் தொறந்தாப் பொழைப்பேன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க, நாள் குடுத்திருக்காங்க. அதுவரைக்கும் நெஞ்சைப் புடிச்சா நாக்குக்கு அடியில வைக்கணுமாம். நீ தெனமும் இங்கதான வர்றேன்னு, புட்டிய ஒம் மக எங்கிட்டதான் குடுத்து வச்சிருக்கா."